குழாயோடு முடியாத காவிரி

பெங்களூரின் அடுகோடியில் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. சிவசமுத்திரத்துக்கு அருகே ஆற்றிலிருந்து எடுத்து, தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாயில் ஓட்டி, 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றி பெங்களூருக்குக் கொண்டுவரும் தண்ணீர் அது. இந்த ஏற்பாடு 1974இல் தொடங்கியது. அதே வீட்டின் சமையலறைத் தொட்டியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் நீர் எங்கே போகிறது என்ற கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. அது காவிரிக்குத் திரும்புவதில்லை. பெங்களூரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மேட்டு முகடு ஓடுகிறது. முகட்டுக்கு மேற்கே விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியில் சேரும். அடுகோடி கிழக்குச் சரிவில் இருக்கிறது. இங்கே வடிவது கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி, பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று தாண்டி, தட்சிண பினாகினியில் கலக்கிறது. தமிழக எல்லையைக் கடந்ததும் அதற்குப் பெயர் தென்பெண்ணை. ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலும், பிறகு கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் தங்கி, கடலூருக்குப் பக்கத்தில் அது கடலைத் தொடுகிறது. மேட்டூரைப் பார்க்காமலே தமிழ்நாட்டுக்குள் வரும் ஒரு காவிரி இருக்கிறது. நம்முடைய ஆற்றுக் கணக்குகள் அதைக் குழாய் வரையில்தான் பின்தொடர்கின்றன. பெல்லந்தூர் ஏரியின் நுரையைப் பற்றிய பேச்சும் காவிரிப் பங்கீட்டைப் பற்றிய பேச்சும் தவறுகிற இடம் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம். அதை விளங்கிக்கொள்ள பிரான்சின் தென்கரையில் இருக்கும் ஓர் உப்பங்கழியின் கதை பெரிதும் உதவும்.

மார்சேய் நகருக்கு வடமேற்கே 155 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது பெர் உப்பங்கழி. மார்த்தீக் என்ற ஊரின் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலோடு அதற்குத் தொடர்பு உண்டு. அதன் கரையில் உள்ள சிறு தொழில் நகரம் பெர்-லெத்தாங். அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது எண்ணெய்த் தொட்டிகளும் வேதி ஆலைகளின் புகைபோக்கிகளுமே. 1930களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இந்தக் கழியைச் சூழ்ந்தன. 1957இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் இயற்றி, மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, கழியில் மீன்பிடிப்பதையே தடை செய்தது. தொழிலா மீனா என்ற கேள்விக்கு அரசு சொன்ன விடை அது. ஆகவே கழி கெட்டதற்கு ஆலைகளே காரணம் என்று பார்ப்பவர் எவரும் முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவில் பாதி உண்மை இருக்கிறது. 1970களுக்குப் பிறகு ஆலைக் கழிவுகள்மீது கட்டுப்பாடுகள் இறுகின, கழிக்குள் விடப்பட்ட நச்சு பெருமளவு குறைந்தது. ஆனாலும் கழி மீளவில்லை.

மீளாததற்குக் காரணம் நன்னீர். ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் தூரான்ஸ் ஆறு இயல்பாக அவிஞ்ஞோனுக்கு அருகே ரோன் ஆற்றில் கலப்பது. பிரான்சின் மின்வாரியம் அதன் நீரை நீண்ட கால்வாயில் திருப்பி, வழியெல்லாம் மின்சாரம் எடுத்து, கடைசியாக சேன்-ஷமாஸ் மின்நிலையத்தின் வழியாக 1966 முதல் பெர் கழிக்குள் விட்டது. கழியின் மொத்தக் கொள்ளளவு 100 கோடி கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஆண்டுக்குச் சராசரியாக 300 கோடி கன மீட்டர் ஆற்று நீர் இறங்கியது. கடலளவுக்கு உப்பாக இருந்த கழி சில ஆண்டுகளில் உப்புக் குன்றிப் போனது. மின்தேவை ஏறி இறங்குவதற்கு ஏற்ப உப்பின் அளவும் ஏறி இறங்கியது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும், உவர்நீர் அடியில் தங்கும். இரண்டும் கலவாதபோது மேற்பரப்பின் உயிர்வளி அடிநீருக்கு இறங்காது. அடித்தட்டு மூச்சு முட்டியது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியிருந்த கடற்புல் வெளிகள் ஏறக்குறைய அழிந்தன. புகையில்லாத மின்சாரம், நஞ்சில்லாத மலைத் தண்ணீர் என்று எந்த விதத்திலும் குற்றம் சொல்ல முடியாத ஒன்று, இடம் மாறி வந்ததாலேயே ஒரு நீர்நிலையைக் கொன்றது. மீனவர் சங்கம் மின்வாரியத்தின்மீது தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. நச்சுத்தன்மை இல்லாத பொருளாக இருந்தாலும் நீரின் உயிர்வளியைப் பாதிக்குமானால் அனுமதியின்றி அதை விடக்கூடாது என்று 2004 ஜூலையில் அந்த நீதிமன்றம் விளக்கம் தந்தது. நீரில் நஞ்சு உண்டா என்பதோடு, அது வந்து சேரும் இடத்தை என்ன செய்கிறது என்றும் கேட்க வழி பிறந்தது.

பெர் கழியின் தமிழ்நாட்டு இணை எது என்று கேட்டால் எண்ணூர் என்றுதான் யாரும் சொல்வார்கள். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம், அனல்மின் நிலையங்கள், 2001இல் திறந்த துறைமுகம், கழிக்குள் படிந்த நிலக்கரிச் சாம்பல், 2023 டிசம்பரில் பரவிய எண்ணெய்ப் படலம் என்று ஒப்பிட நிறையவே இருக்கிறது. எண்ணூர் மீனவர்களின் இழப்பு மிகப் பெரியது, அது தனியாக எழுதப்பட வேண்டியது. ஆனால் எண்ணூரில் குற்றவாளி கண்ணுக்குத் தெரிகிறான். பெர் கற்றுத்தரும் கடினமான பாடம் கண்ணுக்குத் தெரியாத குற்றவாளியைப் பற்றியது. வேற்றுப் படுகையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த ஆறு, வந்து சேர்ந்த இடத்தின் தன்மையை மாற்றிய கதை அது. அந்தக் கதைக்கு நம்மிடையே உள்ள நெருங்கிய உறவு, கடலிலிருந்து மிகத் தொலைவில், தக்காணப் பீடபூமியின் மேல் இருக்கும் அடுகோடியே.

அடுகோடியும் ஒரு தொழில் ஊராக வளர்ந்ததுதான். 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ, அதாவது ஜெர்மனியின் பாஷ் குழுமத்தின் இந்தியக் கிளை, இங்கே ஆலை அமைத்து ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் பம்புகளையும் செய்தது. பக்கத்தில் பால் பண்ணை வந்தது, அந்தச் சந்திப்புக்கே டெய்ரி சர்க்கிள் என்று பெயராயிற்று. ஆலைச் சங்கு, ஷிப்ட், கேன்டீன் என்ற சொற்களோடு பல தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி இது. ஆலைகளுக்கு முன்னால் இந்தச் சரிவில் இருந்தவை ஏரிகள். ஒன்று நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்ததற்கு வடியும் ஏரிச் சங்கிலி. தமிழ்நாட்டு ஏரிகளைப் போலவே அவையும் மழை ஏரிகள். மழை மாதங்களில் நிரம்பும், கோடையில் வற்றும், வற்றிய தரையில் வண்டல் எடுத்து வயலுக்குப் போடுவார்கள். நிறைவதைப் போலவே வற்றுவதும் ஏரியின் உயிர்ச்சுழற்சி. படிந்த கழிவை வெயிலும் காற்றும் தின்று தீர்ப்பது அந்த வறண்ட மாதங்களில்தான். ஏரிகள் சிலவற்றை நகரம் நேரடியாகவே விழுங்கியது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த குடியிருப்பு கோரமங்கலா ஏரியின் தரையில் நிற்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த இழப்பு. அதைவிடப் பெரிய மாற்றம், விழுங்கப்படாமல் எஞ்சிய ஏரிகளுக்கு நேர்ந்தது. அவற்றின் கோடை அவற்றிடமிருந்து பறிபோனது.

பறித்தது காவிரிதான். 1974, 1982, 1993, 2002, 2012 என்று கட்டம் கட்டமாக வளர்ந்த குடிநீர்த் திட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 145 கோடி லிட்டரை நகரத்துக்குள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டருக்கானது. இதற்கு முன்பு, 1896இல் ஹெசரகட்டாவிலிருந்தும் 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் வந்த அர்க்காவதி நீரும் காவிரியின் பிள்ளைதான். ஆனால் அளவு சிறியது, சரிவு அதைத் தாங்கிக்கொண்டது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் பெரும்பகுதி வீட்டைவிட்டு வெளியேறியே தீரும். பாதாளச் சாக்கடை போதாத இடத்தில் அது மழைநீருக்காக வெட்டிய ராஜகால்வாயில் இறங்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சித்திரை வெயிலிலும், நாள் தவறாமல் இறங்கும். மழைக்காலத்து ஏரி வற்றாத ஏரியானது. பெரில் நன்னீர் உப்பைத் துரத்தியது. பெல்லந்தூரில் வற்றாத நீர் வறட்சியைத் துரத்தியது. தன் இயல்பை இழந்த நீர்நிலை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் திறனையும் இழக்கும் என்பது இரண்டிலும் ஒன்றே.

பெல்லந்தூர் ஏரியை நாடறியச் செய்தவை நுரையும் தீயும். ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியில் 2015 மே மாதம் நுரை தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் புகை எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏரியைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களை மூடச் சொன்னது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பல கூடங்கள் மூடவும்பட்டன. 2018 ஜனவரியில் ஏரி மறுபடி எரிந்தது, அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் வர வேண்டியதாயிற்று. இந்த வரிசையே ஒரு சான்று. ஏரியின் நோய் ஆலைகளில் மட்டும் இருந்திருந்தால் ஆலைகள் மூடியதும் அது தணியத் தொடங்கியிருக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தில் டி. வி. ராமச்சந்திராவின் குழு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான்: நுரைக்கு மூலம் நாம் துணி துவைக்கும் தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஆகியவற்றில் உள்ள பொருள்கள். கோடை முழுவதும் அவை அடிச் சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல் மழை சேற்றைக் கிளறும். கலிங்கில் நீர் உயரத்திலிருந்து விழும்போது கடைந்த மோர்போல நுரை பொங்கும். ஏரிப் பரப்பை மூடிய ஆகாயத்தாமரைக்கு உரமிடுவதும் அதே கழிவுநீரில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே. காய்ந்த செடியிலும் குப்பையிலும் பற்றியது, அடியில் உயிர்வளியின்றி அழுகும் சேறு விடும் மீத்தேனால் வளர்ந்தது என்பதே தீக்கு அளிக்கப்பட்ட விளக்கங்களில் பொருந்தி வருவது.

ஆலைகளை நான் தப்பவிடுகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். அப்படி இல்லை. ஆலைக் கழிவின் கன உலோகங்கள் சேற்றில் தங்கி, கீரையிலும் தீவனப் புல்லிலும் ஏறி, பாலிலும் உணவிலும் வந்து சேரக்கூடியவை. சோப்பு நாளடைவில் சிதைந்து போகும், காட்மியம் போகாது. ஒவ்வோர் ஆலையின் வடிகாலுக்கும் கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் புகைபோக்கியைக் காட்டிவிட்டுக் கணக்கை முடிப்பது, ஊற்றப்படும் நீரின் அளவைப் பற்றிய கேள்வியை மறைத்துவிடுகிறது. இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. பெரில் வந்தது தூய மலைநீர், பெல்லந்தூரில் வருவது சாக்கடை. சாக்கடையை முழுதாகச் சுத்திகரித்துவிட்டால் இந்த ஒப்பீடு குலைந்துவிடாதா? சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் சுத்திகரிப்பு நீரின் தரத்தை மாற்றுமே தவிர நீர் போய்ச்சேரும் திசையை மாற்றாது. வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகும் மணிச்சத்தில் கணிசமான பங்கு நீரிலேயே நிற்கும், அதுவே அடுத்த ஏரியின் உரம். தூய நீர்கூட வேற்றுப் படுகையில் கேள்வி எழுப்பும் என்பதைத்தான் பெர் காட்டுகிறது. சுத்திகரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி அப்படியே நிற்கும்: இது யாருடைய தண்ணீர்?

இங்கிருந்துதான் காவிரிக் கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பில், குடிநீருக்காக எடுக்கும் நீரில் 20 விழுக்காடே உண்மையான நுகர்வு, மீதி 80 விழுக்காடு வடிகாலாகத் திரும்பிவிடும் என்று கொண்டது. அதே தீர்ப்பு, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று கருதி, அந்தப் பங்குக்கு மட்டுமே குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை நீக்கியது. குடிநீர் எல்லாவற்றுக்கும் முன்னுரிமை பெறும், ஒரு மாநகரைப் படுகையின் கோட்டால் அறுக்க முடியாது என்பது அதன் நியாயம். கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கூடியது, அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. குடிநீருக்கு முன்னுரிமை தந்த நியாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தாகத்துக்குப் படுகை எல்லை கிடையாது. ஆனால் 20 விழுக்காடு என்ற அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 4.75 டிஎம்சி நுகர்வுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 24 டிஎம்சி எடுப்பு நிற்கிறது. மீதி 19 டிஎம்சி திரும்பும் என்பது கணக்கு. எங்கே திரும்பும்? முகட்டுக்கு மேற்கே உள்ள வீடுகளிலிருந்து காவிரிக்கு, கெட்டுப்போன நிலையிலாவது, திரும்பும். அடுகோடியிலிருந்து திரும்பாது. கிழக்குச் சரிவு முழுவதற்கும் காவிரியைப் பொறுத்தவரை நுகர்வு 20 விழுக்காடு இல்லை, 100 விழுக்காடு. நகரில் மூன்றில் இரண்டு பங்கு படுகைக்கு வெளியே என்று நடுவர் மன்றமே ஏற்றுக்கொண்ட பிறகு, படுகைக்கு உள்ளே மட்டும் பொருந்தும் ஒரு விகிதத்தை முழு நகரத்துக்கும் நீட்டுவது கணக்கியல் முறையிலேயே பொருந்தாது. நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் என்பது ஆண்டுக்கு 18 டிஎம்சிக்கு மேல். ஐந்தாம் கட்டமும் முழுதாக ஓடினால் 28ஐத் தாண்டும். அதில் ஐந்தில் நான்கு வடிகாலாகி, வடிகாலில் மூன்றில் இரண்டு கிழக்கே போகிறதென்று ஒரு தோராயத்துக்கு வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 15 டிஎம்சி காவிரி, தென்பெண்ணையின் பக்கம் இடம்பெயர்கிறது. 2018இல் தமிழ்நாடு இழந்த அளவுக்கு அது ஏறத்தாழச் சமம்.

இந்த இடத்தில் எழக்கூடிய எதிர்வாதம் நேர்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தென்பெண்ணையும் தமிழ்நாட்டு ஆறுதானே, தஞ்சாவூருக்குப் போகாதது கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் கடலூருக்கும் போனால் தமிழ்நாட்டுக்கு இழப்பு எங்கே? கோடையில் வறண்டு கிடக்க வேண்டிய ஆற்றில் பெங்களூரின் வடிகால்தான் கெலவரப்பள்ளி அணைக்கு நீர் கொடுக்கிறது என்பதும் மெய். ஒசூர் வட்டாரத்தில் அந்த நீரை நம்பிப் பயிர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு என் விடை இரண்டு. ஒன்று, வந்து சேர்வது எது என்பது. அணை திறக்கும்போது மதகுக்குக் கீழே ஆறு தெரியாதபடி நுரை மலைபோல் குவிந்து, தரைப்பாலங்களை மூடும் காட்சி ஒசூர் மக்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. பெல்லந்தூரில் தூர் வாருவதற்காகக் கழிவுநீரை ஏரிக்கு வெளியே வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். ஏரிக்கு அது நல்லது, நீருக்கு அது இன்னொரு வழி மட்டுமே. இரண்டு, எழுதப்படாத வரவு எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும். 2018இல் கர்நாடகம் இதே பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கோடு, கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றத் தொடங்கியது. அந்த ஏரிகளில் பல பாலாற்றுப் படுகையில் இருக்கின்றன. காவிரியில் எடுத்த நீர் தென்பெண்ணைச் சரிவில் இறங்கி, அங்கிருந்து பாலாற்றுக்கு ஏறுகிறது. கோலாரின் வறட்சி மிகக் கொடியது, ஆயிரம் அடிக்கும் கீழே போர்வெல் போட்டு ஏமாந்த விவசாயிகளின் மாவட்டம் அது. அவர்களுக்கு நீர் போவதை நான் எதிர்க்கவில்லை. மூன்று படுகைகளைத் தொடும் ஒரு நகர்வு, எந்தப் படுகையின் கணக்கேட்டிலும் தன் முழு உருவில் பதிவாகாமல் நடப்பதைத்தான் சுட்டுகிறேன். தென்பெண்ணைக்கு 1892 மதராஸ்–மைசூர் ஒப்பந்தம் உண்டு, 2018இல் தமிழ்நாடு தொடுத்த வழக்கும் உண்டு. அவை ஆற்றில் இயல்பாக ஓடும் நீரைப் பற்றிப் பேசுகின்றன. வெளியிலிருந்து வந்து கலந்த காவிரியைப் பற்றிப் பேசுவதற்கு அவற்றில் சொல் இல்லை.

இவ்வளவும் பெங்களூர் மக்கள்மீது, அதிலும் அடுகோடி போன்ற உழைக்கும் மக்களின் பகுதிமீது பழி சுமத்துவதாகப் படிக்கப்படக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. காவிரியின் பெயரால் பழி சுமப்பது என்னவென்று இந்த நகரத்துத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் அவர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின, குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடின. அவர்களும் குடித்தது அதே காவிரியைத்தான். தஞ்சாவூர் உழவருக்கும் மண்டியா உழவருக்கும் நடுவே கோடு போட்டு நடத்திய சண்டையில், குழாயில் வந்த காவிரியும் அது விட்டுச்சென்ற சாக்கடையும் பேச்சுக்கே வரவில்லை. வந்திருந்தால் நகரத்தின் தாகமும் கழிவும் இரண்டு மாநில உழவர்களுக்கும் பொதுவான கேள்வி என்பது புலப்பட்டிருக்கும். மண்டியாவில் எடுத்த நீர் மண்டியாவுக்கும் திரும்பவில்லை.

பெர் உப்பங்கழிக்கு இன்னும் முழுச் சுகம் வரவில்லை. 2018 கோடையில் உயிர்வளி குன்றி அங்கே பெரும் அழிவு நேர்ந்தது. ஆனால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2006 முதல் மின்வாரியம் கழிக்குள் விடும் நன்னீருக்கு ஆண்டுக்கு 120 கோடி கன மீட்டர் என்றும், வண்டலுக்கு 60,000 டன் என்றும் உச்சவரம்பு உண்டு. விடுகிறவரே அளந்து காட்ட வேண்டும். வழக்குப் போட்டவர்கள், 1957இல் தடை விதித்து ஒதுக்கப்பட்டு 1994இல்தான் கழிக்குத் திரும்ப அனுமதி பெற்ற மீனவர்கள். நீரின் அடித்தட்டில் என்ன நடக்கிறது என்று வலையில் பார்த்தவர்கள் அவர்கள்தான். நமக்கு வழக்கு, உச்சவரம்பு என்ற அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் முன்னால் பிலிகுண்டுலுவின் நீரளவு ஒவ்வொரு முறையும் வைக்கப்படுகிறது. அதே மேசையில் பெல்லந்தூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் அளவு, கோலாருக்கு ஏறும் அளவு, கெலவரப்பள்ளிக்கு வந்துசேரும் அளவும் தரமும் என்று இன்னும் மூன்று வரிகள் சேர்ந்தால் போதும். தொரெகாடனஹள்ளியில் ஏற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் மீட்டர் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தின் நீர் இப்போது நகரத்தோடு 2007இல் இணைந்த 110 கிராமங்களுக்குப் போகிறது, அவற்றில் மகாதேவபுராவைச் சுற்றியுள்ளவை முகட்டுக்குக் கிழக்கே உள்ளவை. அங்கே குழாய் இணைப்பு கொடுக்கும் நாளிலேயே வடிகாலுக்கும் ஒரு மீட்டர் வைக்க முடியும்.